எட்டில் நிறுத்தினால் சரி

அவள் பேரை எழுத மாட்டேன். பேரைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பாள். திரும்பிப் பார்த்தால் கை சும்மா இருக்காது, எதையாவது பிடித்துத் திருகுவாள். அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. ஆனாலும் எனக்கு அந்தப் பயம் விடவில்லை. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் எல்லோரும் அவளை மைக்செட்டுக்காரி என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

கல்யாணம், காதுகுத்து, சர்ச் விழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் ஒலிபெருக்கிப் பெட்டிகள் அவள் வீட்டிலிருந்துதான் போகும். அவள் அப்பா செய்த தொழில். அவர் போனபிறகு இவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கம்பத்தில் ஏறினாள். பத்து ஆண்களுக்குச் சமம் என்று சொல்ல மாட்டேன். பத்து ஆண்கள் சேர்ந்தாலும் அவ்வளவு தொல்லை கொடுக்க முடியாது.

"இன்னும் ஒரு நூல் தானே அக்கா." இதுதான் அவள் வாயில் எப்போதும் வரும். நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. கொத்தனாரும் தச்சரும் எங்களைப் போன்ற தையல்காரர்களும் புழங்குகிற அளவு. எந்தத் திருகும் இருந்த இடத்தில் இருக்க அவள் விடமாட்டாள். என் அடுப்பைப் பார்த்தால் தீயை ஒரு நூல் ஏற்றுவாள். ஃபேனைப் பார்த்தால் அதன் ரெகுலேட்டரை ஒரு நூல் தள்ளுவாள். ஒருநாள் நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் என் தையல் மெஷினின் டென்ஷன் திருகில் கை வைத்துவிட்டாள். திரும்பி வந்து மூன்று ஜாக்கெட் தைத்தபிறகுதான் பார்க்கிறேன், மூன்றிலும் தையல் அடிப்பக்கம் கூடு கட்டியிருக்கிறது. மரஸ்கேலை எடுத்துக்கொண்டு லைன் முழுக்க அவளைத் துரத்தினேன்.

"நல்லா ஓடட்டும்னுதானே அக்கா தளர்த்தினேன்!"

"ஓடுதுடி, நல்லா ஓடுது. நில்லு, நீயும் ஓடலாம்!"

ஒருமுறை பங்காருபேட்டையில் ஒரு கல்யாணம். நானும் போயிருந்தேன். பந்திப் பலகையில் பாயச டம்ளர்களை வரிசையாக வைத்திருந்தார்கள். அவள் தும்தும் சத்தத்தை ஒரு நூல் ஏற்றினாள். டம்ளர்கள் சிணுங்கின. இன்னும் ஒரு நூல். டம்ளர்கள் பலகையின் ஓரத்தைப் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாக நடக்க ஆரம்பித்தன. மாப்பிள்ளையின் மாமா கன்னடமும் தமிழுமாக "சாக்கும்மா, சாக்கு, போதும்!" என்று கத்திக்கொண்டே முதல் டம்ளரைப் பிடித்தார். அதற்குள் அடுத்த நாலு டம்ளர் விழுந்துவிட்டன. கூடவே மைக் கூவ ஆரம்பித்தது. காதைக் கிழிக்கிற கூவல். நாதஸ்வரக்காரர் பெரிய மனுஷர். அந்தக் கூவலையே சுருதியாக எடுத்துக்கொண்டு வாசித்து முடித்தார்.

அவளைப் பெண் பார்க்க மூன்று பேர் வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். மூன்று பேரும் காபியைக் குடித்துவிட்டு ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். கல்யாணம் ஆனபிறகு இந்தப் பெட்டி, கம்பம், வயர் எல்லாம் போதும் என்று. மூன்றாவது ஆளிடம் அவள், "காபி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்று கேட்டாள். "போதும்மா" என்றார். "பார்த்தீங்களா, உங்களுக்கு எல்லாமே சீக்கிரம் போதும்னு ஆயிடுது" என்று டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் வெளியே வரவில்லை. அப்படியே நாற்பத்தைந்து வயது வந்துவிட்டது.

குண்டு வந்த கதைக்கு வருகிறேன்.

பெரிய பெட்டி ஒன்றில் கரகரவென்று சத்தம் வந்ததால் அதை மல்லாக்கப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அதன் காகிதக் கூம்பின் நடுவில் ஒரு எவர்சில்வர் மூடியை ஒட்டி, அதன்மேல் சைக்கிள் சக்கரத்துக்குள் இருக்குமே, அந்த இரும்புக் குண்டு ஒன்றைப் போட்டாள். குண்டு ஓடிவிடாமல் இருக்க ஒரு கண்ணாடிக் குழாயைச் சுற்றி நிறுத்தினாள். மைன்ஸ் மூடியபோது ஏலத்தில் போன சாமான்களில் வாங்கியது அந்தக் குழாய். அவளிடம் ஒரு சோதனைப் பெட்டி உண்டு. பெட்டிக்கு ஒரே சீரான ஓசையை அனுப்பும். அதன் சுருதியை மிகவும் தாழ்த்தி வைத்தால் காதுக்குச் சத்தமே வராது, ஆனால் கூம்பு மட்டும் ஓடி வந்தவன் நெஞ்சு போல ஏறி ஏறி இறங்கும். குண்டு அதன்மேல் துள்ளும். டொக், டொக், டொக். கூம்பு ஒருமுறை ஏறினால் குண்டு ஒருமுறை துள்ளும்.

நான் பொத்தான் தைத்துக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் ஆம்ப்ளிஃபயரின் சத்தத் திருகை ஒரு நூல் ஏற்றினாள். இன்னொரு நூல். தாளம் மாறியது. டொக்-டிக், டொக்-டிக்.

"இன்னாடி நொண்டுது?"

"நொண்டல அக்கா. வந்து பாருங்க."

டார்ச் அடித்துக் காட்டினாள். குண்டு மேலே போய்த் திரும்புகிற இடத்தில் ஒரு கணம் தயங்குகிறது. அந்த இடத்தில் வெள்ளிப் பொட்டு வைத்தாற்போல் மின்னுகிறது. முன்னே ஒரே உயரத்தில் ஒரு பொட்டு. இப்போது இரண்டு பொட்டு. ஒருமுறை உயரத் துள்ளுகிறது, மறுமுறை தாழத் துள்ளுகிறது, மறுபடி உயர, மறுபடி தாழ. அச்சு மாதிரி. இன்னும் கொஞ்சம் திருகினாள். இரண்டு பொட்டும் பிளந்து நாலு ஆனது. மயிரிழை திருகினாள். எட்டு என்று நினைக்கிறேன், இமைப்பதற்குள் போய்விட்டது. அப்புறம் குழாய் முழுக்கப் பொட்டு. ஒழுங்கே இல்லை. குண்டு பித்துப் பிடித்தாற்போல் எகிறியது. நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எதற்குச் சிரித்தோம் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அன்றிலிருந்து எங்களுக்கு வேறு வேலை ஓடவில்லை. குண்டை உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தோம், தாழ இருந்து போட்டோம், ஊதிப் பார்த்தோம். எப்படிப் போட்டாலும் கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு அதே ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தது. இரண்டு என்றால் இரண்டு. நாலு என்றால் நாலு.

"ஒவ்வொரு தடவை விழும்போதும் வேகத்தைக் கொஞ்சம் தொலைக்குது அக்கா. அதோட எங்கேருந்து வந்தோம்ங்கிறதையும் மறந்துடுது. நல்ல குணம், இல்ல?"

"உன் குணம்தான். காலையில வாங்கின திட்டு மத்தியானம் ஞாபகம் இருக்குதா உனக்கு?"

ஆனால் குழப்பத்துக்குப் போய்விட்டால் அந்த மறதி உதவவில்லை. திருகு அதே இடத்தில்தான் நிற்கும், அடுத்த துள்ளல் எவ்வளவு உயரம் என்று சொல்லவே முடியாது. நான் சொல்லிப் பார்த்தேன், அவள் சொல்லிப் பார்த்தாள். தப்பு, தப்பு, தப்பு. "அதுக்கே தெரியாது அக்கா!" என்று கையைத் தட்டுவாள். ஏதோ பெரிய நல்ல சேதி கேட்டவள் மாதிரி.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் இஞ்சு டேப்பில் எனக்குப் பிழை வராது. இந்த லைனில் என் அளவைத் தப்பென்று சொன்னவர் யாரும் இல்லை. திருகின் தலையில் ஒரு அடி நீளத் துடைப்பக் குச்சியைக் கட்டி, கீழே வெள்ளைத் துணி விரித்து, குச்சியின் நுனி நகர்ந்த தூரத்தைச் சாக்குக்கட்டியால் குறித்தேன். இரண்டு பொட்டு தோன்றியதிலிருந்து நாலாகப் பிளக்கும்வரை பன்னிரண்டரை இஞ்சு. நாலு நிலைத்திருந்தது இரண்டேமுக்கால் இஞ்சுக்கு அரை நூல் குறைவு. எட்டு தோன்றிக் கலைந்தது, அவள் கை நிற்காமல் தாண்டும்போதே குறித்தது, அரை இஞ்சுக்கு அரை நூல் கூடுதல், அவ்வளவுதான். டேப்பை மடித்து மடித்துப் பார்த்தேன். முதல் தூரத்துக்குள் இரண்டாவது தூரம் நாலு மடிப்பும், ஐந்தாவதில் மூன்றில் இரண்டு பங்கும் அடங்கியது. இரண்டாவதுக்குள் மூன்றாவதும் அதே கணக்கில் அடங்கியது.

ரொம்ப வருஷம் கழித்து ஒரு காலேஜ் வாத்தியார், மகள் கல்யாணத்துக்கு மைக்செட் சொல்ல வந்தவர், நான் இந்தக் கணக்கைச் சொல்லக் கேட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சொட்டுகிற குழாயிலும், சூடேறிப் புரளுகிற திரவத்திலும்கூட இப்படி இரண்டிரண்டாகப் பிளந்து குழப்பத்துக்குப் போகுமாம். ஒவ்வொரு தடவையும் இடைவெளி இதே பங்கில்தான் குறுகுமாம். பெரிய பெரிய மெஷின் வைத்துக் கண்டுபிடித்தார்களாம். இருக்கட்டும். எங்கள் லைனில் முதலில் அளந்தது நான், டேப்பால்.

இப்போது என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைன்ஸில் அவன் வைண்டிங் இன்ஜின் டிரைவர். ஆட்களை ஏற்றிய கேஜை, அந்த இரும்புக் கூண்டை, கயிற்றில் பாதாளத்துக்கு இறக்குவதும் ஏற்றுவதும் அவன் கை. அவன் மேலே இன்ஜின் ரூமில் லீவரைப் பிடித்து நிற்பான். கேஜ் அவன் கண்ணுக்குத் தெரியாது. மணிச் சத்தமும், கேஜ் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஆளுயர முள் ஒன்றும்தான் அவனுக்கு. கீழே எந்த லெவலில் நிறுத்தச் சொன்னாலும் கேஜின் தரையும் லெவலின் தரையும் விரல்கடை ஏறாமல் இறங்காமல் வந்து நிற்கும். அப்படிப்பட்ட கை. பெண்சாதி முன்னமே போய்விட்டாள், பிள்ளை இல்லை. மைன்ஸ் மூடியபிறகு என் வீட்டில்தான் இருந்தான். அந்தக் கைக்கு ரேடியோவை முடுக்குவதைத் தவிர வேலை இல்லை.

குண்டுச் சத்தம் கேட்டு ஒருநாள் எட்டிப் பார்த்தான். மறுநாள் முக்காலியோடு வந்தான். மூன்றாம் நாள் சவரம் செய்துகொண்டு வந்தான். எனக்குப் புரிந்துவிட்டது.

ஒரு வாரம் பொறுத்திருந்து, நான் சோறு வடிக்கும்போது பின்னால் வந்து நின்றான்.

"அக்கா, நீ பேசிப் பாரேன்."

"எதைடா?"

"அதைத்தான்."

ஐம்பத்திரண்டு வயசு ஆம்பளைக்குக் காது சிவந்திருந்தது. நான் கஞ்சியைக் கையில் கொட்டிக்கொண்டு சிரித்தேன்.

நல்ல சேலை கட்டிக்கொண்டு, தட்டில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அவள் சால்டரிங் கம்பியும் கையுமாக இருந்தாள்.

"இன்னாக்கா, எந்தக் கல்யாணத்துக்குக் கிளம்பிட்டீங்க?"

"உன் கல்யாணத்துக்குத்தான். என் தம்பி கேட்கிறான். இன்னா சொல்றே?"

கம்பியைக் கீழே வைத்தாள். முதல்முறையாக அவள் கை எதையும் திருகாமல் சும்மா இருந்ததைப் பார்த்தேன்.

"டிரைவரு நல்லவருதான். ஆனா அவரு நிறுத்துறதே தொழிலா இருந்த மனுசன் அக்கா. நானு நிறுத்தத் தெரியாத ஆளு. நாளைக்கு என்னையும் பிரேக் போட்டு நிறுத்தினாருன்னா?"

"அவன் அப்படிப்பட்டவன் இல்லடி."

"மூணு பேரு அப்படித்தான் வந்தாங்க." அப்புறம் சட்டென்று முகம் மாறியது. கண்ணில் அந்தப் பழைய திருட்டுத்தனம். "சரி, அவரு கை பெரிய கைன்னு ஊரே சொல்லுதே. எட்டுல நிறுத்தட்டும். நானும் ஆறு மாசமா பாக்கிறேன், ஒருக்கா கூட எட்டைக் கண்ணார நிறுத்திப் பாத்ததில்ல. என் கை தாண்டிப் போயிடுது. அவரு நிறுத்திக் காட்டினா நான் யோசிக்கிறேன்."

"யோசிக்கிறதுக்கா? சரின்னு சொல்லுடி."

"மொதல்ல நிறுத்தட்டும்."

தம்பியிடம் சொன்னேன். "அவ்வளவுதானே" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனான்.

அவ்வளவு இல்லை. திருகைப் பிடித்தான். ஒன்று, இரண்டு, நாலு. நாலில் நிறுத்திவிட்டான். மறுபடி போனான். மறுபடி நாலு. பத்துமுறை பார்த்தான், பத்துமுறையும் நாலில்தான் கை நின்றது. அவளுடைய கை தாண்டிப் போகிற கை. இவனுடையது முன்னாலேயே நின்றுவிடுகிற கை. கேஜை நிறுத்துவதென்றால் இடம் வருவதற்கு வெகு முன்பே பிரேக்கைத் தொட ஆரம்பிக்க வேண்டும். இருபத்தெட்டு வருஷம் அப்படியே பழகிய கை அது.

"இன்னா டிரைவரே, கேஜ் நாலாவது லெவல்லயே மாட்டிக்கிச்சா?" என்றாள்.

"ஆளுங்க இறங்கி நடந்து போகட்டும்" என்றான் தம்பி. வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். வாயில் நுரையோடு என்னிடம் ஓடிவந்தான்.

"அக்கா! இன்ஜின் ரூம்ல ஒரு முள்ளு கீதுன்னு சொல்லுவேனே. மைல் கணக்கில கயிறு போவுது, அதைச் சுருக்கி ஆளுயரத்தில காட்டுது. அதைத் தலைகீழாப் போட்டா இன்னா? சின்னதைப் பெருசாக் காட்டணும். நீ ஒரு அடி குச்சி கட்டினே. குச்சியை நீட்டினா?"

"எவ்வளவு நீட்டுறது?"

"நீதான் மடிச்சு வச்சிருக்கியே. நாலும், மூணுல ரெண்டு பங்கும்."

நாலு அடி எட்டு இஞ்சுக்கு மூங்கில் சிம்பு ஒன்று வெட்டிக் கட்டினோம். நான் டேப்போடு உட்கார்ந்தேன். இந்த நீளக் குச்சியில் நாலு பொட்டு நிலைத்த தூரத்தை அளந்தேன். பன்னிரண்டரை இஞ்சு. எட்டு தோன்றிக் கலைந்ததையும், அவள் கை தாண்டும்போதே குறித்து, அளந்தேன். இரண்டேமுக்காலுக்கு அரை நூல் குறைவு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்டி, விளையாடுறியா? இது பழைய குறி. நான் போன மாசம் போட்டதை நீ இந்தத் துணியில எழுதி வச்சிருக்கே!"

"நான் தொடவே இல்ல அக்கா. அப்பா மேல ஆணை."

துணியை உதறிப் பார்த்தேன். புதுத் துணி. என் உள்பாவாடைக்கு வாங்கி வைத்திருந்தது. மறுபடி அளந்தேன். அதே அளவு. தம்பி அளந்தான். அதே அளவு. நாங்கள் மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். முன்னே இரண்டுக்கு இருந்த இடம் இப்போது நாலுக்கு, நாலுக்கு இருந்த இடம் எட்டுக்கு. படம் மாறவே இல்லை. பெரிய படத்தின் மூலையில் அதே படம் சின்னதாக மடித்து வைத்திருக்கிறது. அதைப் பிரித்தால் அதன் மூலையில் இன்னொன்று.

"அப்ப எவ்வளவு உள்ளே போனாலும் இதேதானா?" என்றாள் அவள் மெதுவாக. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்திருந்தது. கையை நீட்டி எங்களுக்குக் காட்டினாள். "பதினாறு, முப்பத்திரண்டு, எல்லாம் உள்ளே மடிச்சு வச்சிருக்குதா?"

"அதை அப்பால பார்க்கலாம்" என்றான் தம்பி. "இதே பங்குக்கு இன்னொரு தடவை நீட்டினா, எட்டுக்குப் பன்னிரண்டரை இஞ்சு கிடைக்கும். பன்னிரண்டரை இஞ்சுக்குள்ள நிறுத்த முடியாட்டி நான் டிரைவரே இல்ல."

இருபத்திரண்டு அடிக்கு இரண்டு மூன்று இஞ்சு குறைவான மூங்கில். பந்தல்காரரிடம் கேட்டு வாங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆம்ப்ளிஃபயர் நகராமல் இருக்க என் ஆட்டுக்கல்லை அதன்மேல் தூக்கி வைத்தோம். கரண்டில் வைத்தால் ஏறி இறங்கும் என்று லாரி பேட்டரி ஒன்றில் இணைத்தாள். தம்பி முதலில் திருகைக் கையாலேயே இரண்டின் கடைசிவரை கொண்டுவந்துவிட்டு, மரக்கட்டை ஒன்றைக் குடைந்து, அதன்வழியாக மூங்கிலைத் திருகோடு கட்டினான். மூங்கில் முன்னறையிலிருந்து வாசல் வழியாக வெளியே போய், சந்துக்குக் குறுக்கே எதிர்வீட்டு மேஸ்திரியின் வாசல்படி வரை நீண்டது. அதன் நுனியைத் தாங்க ஒரு நடைவண்டி. லைன் முழுக்கக் கூடிவிட்டது. ஷிப்டுக்கு நிற்கிற மாதிரி பழைய மைன்ஸ் ஆட்கள் வேட்டியோடு வரிசையாக நின்றார்கள்.

மேஸ்திரி வெளியே வந்து பார்த்தார். "இன்னாய்யா இது, என் வீட்டை இடிக்கப் போறியா?"

"இல்ல மேஸ்திரி. ரேடியோவுக்கு வால்யூம் வைக்கிறேன்."

"இருபது அடியிலயா? உங்க அக்காவுக்குக் காது அவ்வளவு மோசமா?"

நான் உள்ளே குழாய்க்கு முன்னால் டார்ச்சோடு உட்கார்ந்தேன். அவள் என் பக்கத்தில். கையைத் திருகுப் பக்கம் கொண்டுபோகாமல் இருக்க இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். தம்பி வெளியே நடைவண்டியைப் பிடித்து நின்றான். அவனுக்குக் குண்டு தெரியாது. நான் கத்துவதுதான் கேட்கும். அவனுக்கு அது புதிதா என்ன.

"தள்ளுடா!"

நடைவண்டி கீச்சென்றது. இரண்டு பொட்டு. இரண்டு பொட்டு. பிளந்தது.

"நாலு!" என்று கத்தினேன். "நாலாம்!" என்று வாசலில் ஒருவர் கத்த, "நாலு லெவல்!" என்று சந்து முழுக்கக் கத்தினார்கள்.

வெளியே தம்பி அடி அடியாகத் தள்ளுகிறான். ஒரு முழம் போயிற்று, இரண்டு முழம் போயிற்று. உள்ளே நாலு பொட்டும் நாலாகவே நின்றன. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இமைக்கக் கூடாது. அவள் என் தோளில் மூச்சு விடுகிறாள். "இன்னும் ஒரு நூல், இன்னும் ஒரு நூல்" என்று முணுமுணுக்கிறாள், மந்திரம் மாதிரி.

ஒவ்வொரு பொட்டும் தடித்தது. தடித்து, நடுவில் வகிடு எடுத்தாற்போல் பிரிந்தது. எட்டு எட்டாகத் தெரியாது, நாலு ஜோடியாகத்தான் தெரியும். ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு.

"எட்டு! எட்டுடா! இன்னும் நாலு விரல் தள்ளி நிறுத்து!"

நடைவண்டியின் கீச்சு அடங்கியது. சக்கரத்துக்குக் கல் வைக்கிற சத்தம் கேட்டது. குண்டு ஆடிக்கொண்டே இருந்தது. நாலு ஜோடி. கலையவில்லை. நான் நூறு எண்ணினேன். கலையவில்லை. வெளியே சைரன் ஊதினாற்போல் ஒரே கூச்சல். தம்பி உள்ளே வந்து முட்டி போட்டுக் குழாயைப் பார்த்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு டிரைவரே" என்றாள். ஆறு மாதமாகத் தேடியதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலும் அந்த நாலு ஜோடியும் மின்னின. நான் அவள் பதிலுக்குக் காத்திருந்தேன். வாசலில் பாதி லைன் காத்திருந்தது.

அவள் தொடைக்கடியிலிருந்து ஒரு கையை உருவினாள்.

"டிரைவரே, இன்னும் ஒரு நூல்?"

பாவி! ஜெயித்துவிட்டான், நின்றுவிட்டது, மூங்கிலைத் தொட்டால் எல்லாம் கலைந்துபோகும். கலைந்தால் இவள் எட்டாவது, கல்யாணமாவது என்று சிரித்துவிட்டுப் போவாள். "வேணான்டா, போதும்னு சொல்லு" என்று தம்பியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன்.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்து, வாசலை விட்டு ஒதுங்கி நின்றான்.

"கழி வெளியே கீது. கல்லை எடுத்துட்டு நீயே தள்ளு. எவ்வளவு வேணுமோ தள்ளு."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு ஓடினாள். மைன்ஸ் ஆட்கள் வழி விட்டார்கள். கல் உருளும் சத்தம். கீச். கீச். நான் டார்ச்சைப் பிடித்துக் குனிந்தேன். நாலு ஜோடியும் தடித்தன. எட்டுப் பொட்டும் எட்டு வகிடு எடுத்தன. என் கண் தையல்காரியின் கண். ஊசிக் காதுக்குள் இருட்டிலும் நூல் கோத்த கண். சத்தியமாகப் பார்த்தேன்.

"பதினாறு! பதினாறுடி!"

வெளியே அவள் "ஐயோ!" என்று குதித்தாள். குதிக்கும்போது மூங்கிலை விடவில்லை. மூங்கில் நடைவண்டியோடு ஒரு கஜம் ஓடியது. குழாயெல்லாம் பொட்டு. குண்டு எகிறிக் குழாய் விளிம்பைத் தாண்டி, ஆட்டுக்கல்லில் டங்கென்று அடித்து, வாசல் வழியாகப் பறந்து, மேஸ்திரியின் காலுக்கிடையில் புகுந்து சாக்கடையில் விழுந்தது. லைனே விழுந்து விழுந்து சிரித்தது. மேஸ்திரி மட்டும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் மூச்சிரைக்க ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்தாள். "பார்த்தீங்களா அக்கா? நிஜமாப் பதினாறா?"

"பார்த்தேன்டி, பார்த்தேன். பதில் இன்னா?"

"இன்னா பதிலு?"

"என் தம்பிக்குடி!"

"அதுவா." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கழியை என்கிட்டயே விட்டாரே, அப்பவே சரிதான்."

"சரியா?"

"சரி."

"எல்லாரும் கேட்க இன்னொரு தடவை சொல்லு."

"சரி, சரி, சரி!" என்று வாசலில் நின்று மைக் இல்லாமலே கத்தினாள். மைன்ஸ் ஆட்கள் கை தட்டினார்கள், யாரோ விசில் அடித்தார்கள்.

என் தம்பிக்கு மட்டும் அது கேட்கவில்லை. சந்தில் கவிழ்ந்து படுத்து, தோள்வரை கையைச் சாக்கடைக்குள் விட்டுக் குண்டைத் தேடிக்கொண்டிருந்தான்.